திருப்பாத பக்கம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை அடுத்த ஆரியசாலையில் இருந்தோம். அந்த வருஷம் தை மாதக் கடைசியில் ஊருக்குள் பெரியம்மை புகுந்தது. எனக்கு இருபத்தாறு வயது. என் ஒரே மகளுக்குப் பத்து, நாலாம் வகுப்பு. இப்போது எனக்கு எழுபது நெருங்குகிறது. இத்தனை காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் மகளிடமிருந்து வந்த ஒரு கடிதம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மாமனாருக்கு மிளகாய் வற்றல், பருப்பு மொத்த வியாபாரம். முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி மூன்று மாதம் விடாமல் தும்மினாள். எனக்கு உள்ளூர அத்தனை சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் தும்முவதை நிறுத்திவிட்டாள். என் சந்தோஷமும் நின்றுபோயிற்று.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வந்த நாளிலிருந்து எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல். என்னைவிட ஆறு வயது இளையவள். திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். மலையாளமும் இங்கிலீஷும் படித்துப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். நான் எங்கள் ஊரில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்ததும் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கண்ணில் புரை. தினமும் காலையில் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு மலையாளப் பத்திரிகையை வாசிக்கச் சொல்வார். அவள் யுத்தச் செய்தி வாசிக்க ஆரம்பித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். பதினோரு வருஷமாக அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்காக அவர் ஒரு நாளும் டம்ளரைக் கீழே வைத்ததில்லை.

சாலைப் பகுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் இந்த ஊரில் சர்க்கார் காரியம் எல்லாம் மலையாளத்தில்தானே என்று என் வீட்டுக்காரர் மகளைக் கோட்டைக்குள் இருந்த மலையாளப் பெண் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். மாமாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு? போற வரைக்கும் போகட்டும். ஒரு கிளாஸிலே ரெண்டு வருஷம் உக்காந்தாள்னா, அன்னைக்கோட நிறுத்திரணும்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். என்னை நிறுத்திய மாதிரி என் மகளை நிறுத்திவிடக்கூடாது என்பது எனக்கு ஒரு வைராக்கியம். மற்ற எதில் எப்படி இருந்தாலும் அதில் நான் உறுதியாக இருந்தேன்.

அம்மை பரவியதும் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். நான் பதறிப்போனேன். ஏனென்றால் அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தில், வீட்டில் படித்தது படிப்பாகவே கணக்கில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் விஷஜுரத்தில் மூன்று மாதம் படுத்திருந்தாள். அவள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். அவளும் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னாள். ஆனாலும் நாள் குறைந்துவிட்டது என்று அதே வகுப்பிலேயே மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது அந்தச் சட்டம் செல்லுமா? ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்துச் சேவகர் வீடு வீடாக ஒரு அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்தார். வாசலுக்கு வெளியே நின்று ஒரு கம்பு நுனியில் சொருகி நீட்டினார். தாள் மலையாளத்தில் இருந்தது. வழக்கம்போல ஓரகத்திதான் வாசித்தாள்.

இனி வீட்டில் படிக்கிற நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளாகக் கணக்கு. வாராவாரம் எந்தப் பாடம் என்று பள்ளிக்கூடத்துக் கதவில் எழுதி ஒட்டுவார்கள். குழந்தை அதைத் தனி நோட்டில் எழுத வேண்டும். வீட்டில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்து, தினமும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். யார் சொல்லிக்கொடுக்கிறாரோ அவர் பெயர் நோட்டின் மேலட்டையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை நோட்டைக் கதவடியில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ரெண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகே டீச்சர்கள் தொடுவார்கள். அம்மை கண்ட வீட்டிலிருந்து நோட்டு வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் விட்டு ஒரு மாதம் ஆன பிறகு மொத்தமாகக் கொடுக்கலாம். குழந்தைக்கு அம்மை குத்திய தழும்பு இருக்க வேண்டும்.

வீட்டு ஆண்கள் இருவருக்கும் மலையாளம் தெரியும். ஆனால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கடை. மாமாவுக்குக் கண் தெரியாது. மிச்சம் யார்? மேலட்டையில் "வீட்டில் கற்பிப்பவர்" என்ற இடத்தில் என் ஓரகத்தி தன் பெயரை அழகாக எழுதினாள். எழுதிவிட்டு ஊதிக் காயவைத்தாள். அந்த ஊதல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து காலையில் பலகாரம் ஆனதும் என் மகள் மச்சுப்படி ஏறிவிடுவாள். மேலேயிருந்து இருவரும் வாசிக்கிற சத்தம் கேட்கும். நடுநடுவே சிரிப்பும் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்பு வரும் அந்தப் பாடத்தில் என்று நான் கீழே புளியை உருட்டிக்கொண்டே நினைப்பேன். சாப்பிட இறங்கி வந்தால் பேச்சுக்குப் பேச்சு சித்தி. "சித்தி அப்படியில்லே சொன்னா." "சித்திக்கு அது தெரியும்." ஒரு நாள் நான் வைத்த அவியலைத் தின்றுவிட்டு "கொள்ளாம்" என்றாள். நல்லா இருக்கிறதாம். அதைக்கூடச் சித்தி குரலிலேயே சொன்னாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பாடம் நடக்கும்போது வேண்டுமென்றே மகளுக்குக் குரல் கொடுப்பேன். "ஏட்டி, வந்து இந்த உளுந்தைக் கொஞ்சம் பாரு" என்று. உளுந்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு நாள் ஓரகத்தியின் மோரில் மட்டும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன். அவள் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. சனிக்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். எழுத்து எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து மட்டும் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் ஒரே மாதிரி இருப்பது தெரியும். நான் பெற்ற பிள்ளைக்கு அடியில் அவள் பெயர்.

எனக்குத் தெரிந்த மலையாளம் காதால் கேட்ட மலையாளம்தான். கடைக்கு வருகிறவர்களிடம் நன்றாகவே பேசுவேன். எழுத்து மட்டும் தெரியாது. ஆனால் என் பெயரை எழுத மட்டும் ஒரு வழி பண்ணினேன். மகளைச் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லி, அடுக்களைத் தரையில் அடுப்புக்கரியால் எழுதி எழுதிப் பழகினேன். யாராவது வருகிற சத்தம் கேட்டால் காலால் அழித்துவிடுவேன். எதற்கு இந்தப் பயிற்சி என்று அப்போது எனக்கே தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தேன்.

பங்குனி பாதியில் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். எல்லாருக்கும் குத்தினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரகத்திக்கு மட்டும் கை வீங்கிக் கடுமையான காய்ச்சல். நாலு நாள் படுத்துவிட்டாள். நோட்டுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை.

நான் போட்டேன். வெறும் கையெழுத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மேலட்டையில் இருந்த அவள் பெயரை, நிப்பு தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, இரண்டு கோடு போட்டு அடித்தேன். கீழே என் பெயரை எழுதினேன். அதுவரை அந்த நோட்டில் அவளுடைய கையெழுத்து முப்பத்தொன்று இருந்தது. இனி ஒன்றுகூட விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று இருந்த திருப்தியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் அவள் எழுந்து வந்து படியில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டாள். "அவ இங்கேயே படிக்கட்டும். ஒனக்கு இன்னும் ஒடம்பு தேறலை" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லெ அக்கா, சுகமாயிட்டு" என்றாள். "நான் பாத்துக்கிடுதேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நோட்டு ஜன்னலில் கிடந்தது. அவள் அதை எடுத்து மேலட்டையைப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. பிகு பண்ணுகிறாள் என்று நினைத்து, நான் அன்று இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் என் மகள் அடுக்களைத் தரையில் தானே உட்கார்ந்து, கதவில் ஒட்டியிருந்த பாடங்களைத் தானே பார்த்து எழுதினாள். நான் அடியில் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது சந்தேகம் கேட்டால், "நல்லா யோசிச்சுப் பாரு, வரும்" என்பேன். வேறென்ன சொல்ல முடியும்? "சித்திகிட்டே கேட்டா உடனே சொல்லுவா" என்று ஒரு தரம் சொன்னாள். நான் பார்த்த பார்வையில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. எனக்கு அதுதானே வேண்டியிருந்தது. மச்சில் ஒருத்தி இங்கும் அங்குமாக நடக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் சட்டம் மறுபடி மாறியது. பல வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டைப் போல வேறு வீடுகளும் இருந்திருக்கின்றன. சேவகர் இரண்டாவது தாளைக் கம்பில் நீட்டியபோது நானே வாங்கிக்கொண்டேன். ஓரகத்தியிடம் கொடுக்காமல் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"அம்மா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஒன்னையும் வரச் சொல்லியிருக்கு."

"என்னை எதுக்குட்டி?"

"நோட்டுலே யாரு பேரு இருக்கோ அவங்க வந்து டீச்சர் முன்னாலே பாடத்தை வாசிச்சுக் காட்டணுமாம். வாசிக்கத் தெரியலேன்னா அந்த வீட்டு நாள் எதையும் கணக்குலே எடுக்க மாட்டாங்களாம்."

நாள் கணக்கில்லை என்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை என்றால் மறுபடி நாலாம் வகுப்பு. மறுபடி நாலாம் வகுப்பு என்றால் மாமா சொன்ன சொல்லை நிறைவேற்றிவிடுவார். என் கையாலேயே என் மகளின் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டேன்.

அப்போதாவது மாடிக்குப் போயிருக்கலாம். பத்துப் படி. போகவில்லை. அவளிடம் போய் நிற்பதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தது எனக்கு. அதற்குப் பதிலாக ஒரு யோசனை தோன்றியது. கடைசி ரெண்டு வாரப் பாடத்திலிருந்துதான் கேட்பார்கள் என்று தாளில் இருந்தது. மொத்தம் மூன்று பாடம். மூன்றுக்கும் படம் உண்டு. தென்னைமரம் ஒன்று, தேனீ ஒன்று, குடத்துத் தண்ணீரில் கைகழுவும் பெண் ஒருத்தி. படத்தைப் பார்த்தால் எந்தப் பாடம் என்று தெரிந்துவிடும். மனப்பாடம் பண்ணிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நான் எதையும் காதால் கேட்டால் பிடித்துக்கொள்கிறவள். சின்ன வயதில் கோயிலில் பாடிய பாட்டெல்லாம் அப்படிக் கற்றதுதான். நாலு நாள் மகள் வாசிக்க வாசிக்க நான் கூடச் சொன்னேன். மாவாட்டும்போது தென்னைமரம், பாத்திரம் தேய்க்கும்போது தேனீ. மகளிடம், தாத்தாவிடம் மூச்சுவிடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். தென்னைமரம் மட்டும் ரெண்டு பக்கம் போகிற பாடம். முதல் பக்கம் முடிந்ததும், நான் தாளைத் திருப்ப, கூட நின்று என் சேலையை இழு என்று அவளிடம் சொல்லிவைத்தேன். தாயும் மகளுமாகத் திட்டம் பக்காவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பள்ளிக்கூடத்து வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையின் கீழ் நாற்காலியில் டீச்சர். இந்தப் பக்கம் தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டத்தில் ஏறினேன். சேவகர் ஓடி வந்தார். பெரியவர்கள் ஒரு வரிசை, குழந்தைகள் தனி வரிசையாம். யாரும் யாரையும் தொடக்கூடாதாம். என் மகளை எட்டாத தூரத்தில் மதிலோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவள் அங்கிருந்து என் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் முறை வந்தது. டீச்சர் தென்னைமரத்தைக் கேட்டார். புத்தகத்தைத் திறந்து தென்னைமரப் படத்தைக் கண்டுபிடித்துக் கணீரென்று ஆரம்பித்தேன். ஓலையைச் சொன்னேன், மட்டையைச் சொன்னேன், இளநீர், தேங்காய், எண்ணெய், கயிறு எல்லாம் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் அசந்துபோனேன், என்னைப் பார்த்தே. இதை ஓரகத்தியும் இருந்து கேட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். கடைசி வரி வரைக்கும் மூச்சுவிடாமல் முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்திருந்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"தாள் மறிச்சில்லல்லோ, அம்மா" என்றார் மெதுவாக.

பக்கத்தைத் திருப்பவே இல்லையே என்று கேட்கிறார். ரெண்டு பக்கப் பாடத்தை ஒரே பக்கத்தைப் பார்த்தபடி வாசித்து முடித்திருக்கிறேன். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் வரிசையே சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. மதிலோரம் என் மகள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் முப்பத்தொரு கையெழுத்தும் வேறாக இருக்கிறதே, அது யார் என்று கேட்டார். மேலட்டையில் அடித்திருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்கூட, பிள்ளையின் படிப்பே கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற அந்த நிமிஷத்தில்கூட, அவள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சித்தி!" என்று மதிலோரத்திலிருந்து என் மகள்தான் கத்தினாள். "எங்க சித்தி! சித்திக்கு வாசிக்கத் தெரியும்!"

உச்சிப்பொழுது மணி அடிப்பதற்குள் அவரைக் கூட்டிவந்தால் அந்த முப்பத்தொரு நாளைப் பார்க்கலாம், மணி அடித்துவிட்டால் நோட்டுகளைக் கட்டிவிடுவோம் என்றார் டீச்சர்.

மகளை அங்கேயே நிறுத்திவிட்டு ஓடினேன். சாலைத் தெருவில் பாதிக் கடை அடைத்துக் கிடந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலை. வழியெல்லாம் நான் நினைத்தது என்ன தெரியுமா? ஓரகத்தி நன்றாகச் சிரிக்கப் போகிறாள் என்றுதான்.

அவள் மச்சில் உட்கார்ந்து முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மை குத்திய கையில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

"எந்திரிச்சு வா. பள்ளிக்கூடத்திலே ஒன்னைக் கூப்பிடுதாங்க."

அவள் முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னை எதுக்கு அக்கா? நோட்டுலெ உங்க பேருல்லா இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். பக்கம் திருப்பாததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வாரமா அந்தப் பிள்ளையெ இந்தப் படி ஏற விடல்லெ நீங்க. இப்பம் வந்து எந்திரின்னா நான் எந்திரிக்கணுமா? நான் வரல்லெ."

நியாயமான பேச்சு. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு ஒம்மேலே வயித்தெரிச்சல்" என்றேன். "நீ வந்த அன்னையிலேருந்து வயித்தெரிச்சல்."

"தெரியுமாக்கும்" என்றாள் அவள். "மோருலெ உப்பு போட்டது யாருன்னும் தெரியும்."

அப்புறம் கையிலிருந்த பொருக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஓரோ நாளும் அந்த நோட்டுலெ என் பேரை எழுதும்போ, இவ எனக்குப் பிறந்தவன்னு ஒரு நிமிஷம் நெனைச்சுக்கிடுவேன் அக்கா. கல்யாணம் கழிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல்லெ. உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு, கூப்பிட்டா ஓடி வருது. எனக்கும் உங்க மேலெ எரிச்சல்தான். உங்களைப் போலெ நான் உப்பு போடல்லெ, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க என் பேரை வெட்டுனப்போ, என் திருட்டைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனைச்சேன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல்லெ."

அன்று நான் இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் வந்தது. என்னிடம் பொறாமைப்பட ஒன்று இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அவள் எழுந்து முந்தானையை உதறிச் சொருகினாள். "வாங்க, மணி அடிச்சிரும். பிள்ளை வெயில்லெ நிக்குதுல்லா" என்று எனக்கு முன்னால் படி இறங்கினாள்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. அவள் வட்டத்தில் நின்று தென்னைமரத்தை வாசித்தாள். நான் சொன்ன மாதிரி கணீரென்று இல்லை, பேசுகிற மாதிரி வாசித்தாள். முதல் பக்கம் முடிந்ததும் ஒரு விரலால் தாளைத் திருப்பினாள். அந்த விரலைப் பார்த்தபோது எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. இத்தனை சுளுவாகவா திருப்ப வேண்டும் என்று.

டீச்சர் போதும் என்றார். முப்பத்தொரு நாள் கணக்கில் எடுக்கப்படும், பரீட்சைக்கு அது போதும். என் கையெழுத்துப் போட்ட நாள் ஒன்றும் செல்லாது. அந்த மூன்று பாடத்தை மட்டும் அடுத்த வாரம் குழந்தை வந்து ஒப்பிக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். அடித்த பெயரை யார் அடித்தாரோ அவரே மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்கு என் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாதே! ஓரகத்தி ஒரு குச்சியை எடுத்து, கயிற்றோரம் மண்ணில் தன் பெயரைப் பெரிது பெரிதாக எழுதினாள். காலையில் சிரித்த பெண்களில் பாதிப்பேர் இன்னும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் பார்க்க, நான் குனிந்து மண்ணைப் பார்த்துப் பார்த்து நோட்டு மேலட்டையில் நாலு எழுத்தையும் வரைந்தேன். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எழுதி முடித்ததும், தாள் நனைந்துவிடப் போகிறதே என்று நானே ஊதிக் காயவைத்தேன்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கடைத்தெருவில் எந்தச் செய்தி ஒளிந்திருக்கும்? மறுநாளே மாமா காதுக்கு எட்டிவிட்டது. காலையில் காப்பி கொண்டுபோனபோது, "மருமகளே, அந்தத் தென்னைமரத்தை ஒரு தடவை சொல்லு பாப்போம்" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். பாதி சொல்லும்போது கவனித்தேன், டம்ளர் தரையில் இருந்தது.

அந்தக் கோடை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் மச்சில் பாடம் நிற்கவில்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் நான் படி ஏறுவேன். மண்ணில் வரைந்த அந்த நாலு எழுத்திலிருந்துதான் ஓரகத்தி எனக்கு ஆரம்பித்தாள். தப்பாக வாசித்தால் என் மகளும் அவளும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். கோபத்தோடேயே அடுத்த வரியை வாசிப்பேன். அவளுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. இப்போதும் அதே வீட்டில்தான் இருவரும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, மச்சு ஏற முடியாது. எனக்கு ஏற முடிகிறது. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மகள் கல்யாணமாகிப் பாலக்காட்டில் இருக்கிறாள். பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத வருவது மலையாளம் மட்டும். மாதம் ஒரு கடிதம் போடுவாள். போன வாரக் கடிதத்திலும் முதல் வரி எப்போதும்போல "சித்திக்குச் சுகம்தானே?" என்றுதான் இருந்தது. என்னைப் பற்றி விசாரித்தது அடுத்த பக்கத்தில். முதல் வரியில் எனக்கு இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுருக்கோடேயே நான் தாளைத் திருப்பி என் மகள் எனக்கு எழுதியதை நானே வாசிக்கிறேன், அந்தத் தாளைத் திருப்பும் விரல் ஓரகத்தி கொடுத்தது என்பதை ஒவ்வொரு கடிதமும் எனக்கு நினைவுபடுத்திவிட்டுத்தான் போகிறது.